தையல்காரருக்கு அரை மாத்திரை

ஆளைப் பார்த்ததுமே எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று சொல்லிவிடுவார் தையல்காரர். அந்தக் கண்ணுக்குத்தான் அன்று பொறுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க அவருக்கும் மச்சானுக்கும் ஒரே டாக்டர் ஒரே மருந்தைத்தான் கொடுத்திருந்தார். ஆனால் மலைபோன்ற இவருக்குத் தினம் அரை மாத்திரை, ஒட்டடைக்குச்சி மச்சானுக்கோ இரண்டு!

"கடையில மாத்திக் கட்டிட்டாங்கடா மச்சான். உன்னோடத இப்படித் தள்ளு!"

மனைவி லபக்கென்று இரண்டு டப்பாவையும் பிடுங்கிக்கொண்டு டாக்டருக்கு போன் போட்டாள்.

"ஐயா, இது சட்டை இல்ல," என்று ஸ்பீக்கரில் சிரித்தார் டாக்டர். "எடை மட்டும் பார்த்தா போதாது. உங்க வயசு, இதயத்துக்கு நீங்க சாப்பிடுற இன்னொரு மாத்திரை, உடம்பு மருந்தைக் கரைக்கிற வேகம், எல்லாத்தையும் யோசிச்சு, ரத்தத்தைச் சோதிச்சுதான் அளவு சொல்றோம். தினம் ரெண்டு போட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து."

தையல்காரர் மனைவியிடமிருந்து தன் டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார். தன் அரை மாத்திரையை மரியாதையாக விழுங்கினார். அப்புறம் வீடே அதிரச் சிரித்தார்.

"பார்த்தியாடா மச்சான், என் ரத்தம் அரைக்கே அடங்கிடுது!"

"ரத்தம் அடங்கிடுச்சு," என்றாள் மனைவி. "டாக்டர் இன்னும் லைன்லதான் இருக்கார். வாய்க்கு எத்தனைன்னு கேட்கட்டுமா?"