மாஸ்டர் வாங்கிய டூப்ளிகேட் பூட்ஸ்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு வயது. ஆள் சின்னவர், குரல் மட்டும் பெரியது. பதினோரு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே எத்தனையோ உயிர்களையும் காம்பவுண்டுச் சுவர்களையும் காப்பாற்றியவர்.

அவரிடம் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் பெண் முதல் நாளே கறுப்பு பூட்ஸில் வந்து இறங்கினாள். தடித்த அடி, ஓரமெல்லாம் மஞ்சள் தையல். அந்த வருடம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த பூட்ஸ்தான். மாஸ்டருக்குப் பார்த்த மாத்திரத்தில் ஆசை ஒட்டிக்கொண்டது. பெரிய கடையில் விலையைக் கேட்டவர், "சும்மா பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவரை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் செருப்புக் கடைத் தெருவுக்குப் போனார். அதே பூட்ஸ், அதே மஞ்சள் தையல், பத்தில் ஒரு பங்கு விலை.

"ஒரிஜினலாப்பா?" என்றார் கணவர்.

"பொய் சொல்ல மாட்டேண்ணே. டூப்ளிகேட்தான். ஆனா நல்ல டூப்ளிகேட். அக்கா போட்டு நடந்து பாக்கட்டும்" என்றார் கடைக்காரர்.

மாஸ்டர் தெருமுனை வரை நடந்து திரும்பினார். கணவரின் தோளோடு நின்றவர் இப்போது காதை எட்டினார்.

"எப்படிங்க இருக்கு?"

"இனிமே உங்கிட்ட கொஞ்சம் பாத்துதான் பேசணும்."

மறுநாள் அந்த பூட்ஸோடுதான் வண்டியில் ஏறினார். பல் டாக்டர் வழக்கம்போல் கிளட்சை விட்டதும் வண்டி அணைந்தது. மூன்று வாரமாக இதே கதைதான். நாலாவது முறை ஒருவழியாக நகர்ந்தபோது குறுக்கே ஒரு சைக்கிள். மாஸ்டர் பிரேக்கில் கால் வைத்தார். மெதுவாகத்தான் மிதித்தோம் என்று அவர் நினைப்பு. வண்டியோ ஆணி அடித்ததுபோல் நிற்க, இருவரும் முன்னால் போய் வந்தார்கள்.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"கழட்டும்மா அதை. இவ்வளவு தடிச்ச அடியில பெடலே காலுக்குத் தெரியாது. நானும் கழட்டறேன்."

வெறும் காலோடு அவள் கிளட்சை விட்டாள். வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்து, நாலு தெரு தாண்டியும் அணையவில்லை.

"எனக்கு டிரைவிங்கே வராதுன்னு நினைச்சேன் மாஸ்டர்."

"தப்பு என்னோடதும்மா. ஹீல்ஸ் போட்டு வந்தா வாசல்லயே கழட்டச் சொல்றவ நான். உன் பூட்ஸ் அழகுல அதை மறந்துட்டேன்."

இறங்கும்போதுதான் அவள் இரண்டு ஜோடியையும் கவனித்தாள்.

"உங்களுக்குக் கால் கடிக்கலயா மாஸ்டர்? எனக்கு இன்னும் புண்ணு ஆறல."

"இல்லையே" என்றார் மாஸ்டர், முகத்தில் பெருமை வழியாமல் பார்த்துக்கொண்டு. "ஸ்டேஷனுக்குப் பின்னாடி வாங்கினது. டூப்ளிகேட்."

அடுத்த மாதமே அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. மாஸ்டர் இப்போது வண்டியில் தட்டையான கான்வாஸ் ஷூவோடு உட்காருகிறார். பூட்ஸ் மார்க்கெட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும். முதல் மழையிலேயே ஒரு பக்கம் அடி வாய் பிளந்தது. கணவர் ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் ஒட்டும் பசையைத் தடவி, பாரத்துக்கு மேலே தன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கி வைத்தார். காய்ந்ததும் மாஸ்டர் அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார். பக்கத்தில் இருக்கும் கடையை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளியிருக்கும் கடைக்கே போனார்.