முதுகில் மூன்றாம் எண்

நான் வேலை பார்க்கும் பள்ளியில் இன்று விளையாட்டுச் சட்டைகளைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார்கள். காற்றில் ஆடிய எண்களில் என் கண் மூன்றைத் தேடியது.

அப்போது நான் கடலோரப் புன்னைக்காயலில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எங்கள் தேவாலயத்தின் பங்குச்சாமியார் ஸ்பெயின்காரர். அவர் ஊரில் மீனவர்கள் தொடங்கிய கால்பந்து கிளப், தன் பழைய பச்சைவரிச் சட்டைகளை எங்கள் ஊர் அணிக்கு அனுப்பியிருந்தது. அதன் கதையையும் சாமியார் சொன்னார். ஒரு புயலில் அதன் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கரை திரும்பவில்லையாம். எங்கள் ஆட்கள் அந்தச் சட்டையோடுதான் கடலுக்கும் போனார்கள். அப்பாவின் முதுகில் எண் மூன்று.

ஒருநாள் பெருங்காற்று. அப்பா போன வள்ளம் மறுநாள்தான், பாய் கிழிந்து, துடுப்பு வலித்துக்கொண்டு வந்தது. போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் துடுப்பு வலிப்பார்கள்; அந்த முதுகுகள் மட்டுமே கரைக்குத் தெரிந்தன.

"ஏளா, நீதான படிச்சவ. நம்பரப் பாரு, ஒங்கப்பா இருக்காரா?" அம்மா என் தோளை நெரித்தாள்.

ஏழு, நான்கு, ஒன்பது.

"சொல்லேன்ளா!"

"மூணு இல்லம்மா."

அம்மா மணலில் விழுந்தாள்.

வள்ளம் பக்கவாட்டில் திரும்பியபோதுதான், வலிப்பவர்களின் மறைவில், வள்ளத்தின் பின்முனையில் சுக்கான் பிடித்தபடி கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பா தெரிந்தார்.

"ஏளா, ஒங்கம்மா ஏன் படுத்துக் கெடக்கா?" என்று கத்தினார்.

அவர் முதுகைக் கடல் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.