ஆல்பத்தில் இல்லாத முகம்

சென்ற ஐப்பசியில், அடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நடந்தது இது. கணினி அறிவியலில் முதுகலை முடித்த நான், ஊரிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். தெரிந்தவர்களின் கணினி மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். அன்று கூப்பிட்டவர் ஸ்டுடியோ நடத்தும் பாய். "தம்பி, ஒடனே வா. உசுரு சமாச்சாரம்" என்றவர் வேறொன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

நான் போனபோது, நனைந்த புடவையோடு ஒரு அக்கா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மாகறலில் விவசாயக் குடும்பம். அவருடைய தம்பி முந்தின நாள் விடியலில் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. மனநலத்துக்காக நெடுங்காலமாக மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரை தவறினால் கால் போன போக்கில் நடந்துவிடுவார். பெயரைக் கேட்டாலும் சொல்லமாட்டார். செய்யாற்றில் வெள்ளம் வேறு வந்துகொண்டிருந்தது.

தனியாகப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. வீட்டில் இருந்த ஒரே தெளிவான முகம், அக்கா மகளின் கல்யாண ஆல்பத்தில்தான் இருந்தது. அதைக் கைபேசியில் பிடித்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். உறவுக்காரர்களின் நண்பர்கள் சிலர், தம்பியை நேரில் பார்த்திராதவர்கள், செங்கல்பட்டு வரை போய்க் கடைகடையாகக் காட்டியும் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. சுவரில் ஒட்டப் பெரிதாக அச்சடித்துத் தரும்படி அக்கா ஆல்பத்தைக் கொண்டுவந்தபோதுதான், பாய் அதை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்திருக்கிறார்.

"தம்பி, இது அவரு மூஞ்சே இல்ல. நான் வெளுத்த மூஞ்சி."

எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் கறுப்பாக ஒருவரும் இருக்கமாட்டார்கள். மணமக்கள் மட்டுமல்ல, மேடையேறிய அத்தனை பேரையும் வெளுத்து, முகத்தை வழவழவென்று ஆக்கித் தருவதுதான் நல்ல ஸ்டுடியோவுக்கு அழகு. அந்தத் தம்பிக்கு நிறம் போனதோடு, இடது புருவத்தின் மேலிருந்த நீளமான தழும்பும் போயிருந்தது.

"நான்தான் சார் சொன்னேன்" என்றார் அக்கா. "மாப்ள வூட்டுக்காரங்க பாக்குற ஆல்பம், அந்தத் தழும்ப எடுத்துடு பாய்னு. இப்ப ஊரே செவப்பா ஒருத்தன தேடிக்கினு கீது."

வெளுக்காத மூலப் படங்கள் அந்தக் கணினியில்தான் இருந்தன. ஆனால் நேராகத் திறக்க முடியாது. முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவர், பழைய கல்யாணங்கள் ஒவ்வொன்றையும் 'டார்' என்னும் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டிவைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். சாக்கு மூட்டை மாதிரி. வாய் அவிழ்த்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அவிழ்ப்பதற்கான கட்டளையைக் கணினிப் பெட்டியின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்.

"அத்த அப்டியே அடி தம்பி, கொட்டிடும்" என்றார் பாய்.

கறுப்புத் திரையில் அப்படியே தட்டினேன். என்டர் பொத்தானின் மேல் விரல் இருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. இது எங்கே கொட்டும்? ஏற்கெனவே அங்கே ஏதாவது இருந்தால்? இந்தக் கட்டளை யாரையும் கேட்காது. அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால், அதன்மேலேயே எழுதிவிடும். அவிழ்க்கச் சொல்லும் ஓர் எழுத்தை மட்டும் அழித்து, உள்ளே இருப்பதைப் பட்டியலிடச் சொல்லும் எழுத்தைப் போட்டேன். கோப்புப் பெயர்கள் வரிவரியாக ஓடத் தொடங்கின.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், வெறும் எழுத்தா ஓடிக்கினு கீது? படம் எங்க? மாட்டு வண்டி கட்டி அனுப்சிருந்தாகூட இன்னேரம் வந்து சேந்துருக்குமே."

"இரும்மா, அவரு இன்னாவோ பாக்குறாரு" என்றார் பாய். அவர் குரலிலும் பொறுமை இல்லை.

ஓடிய வரிகளில் நலங்கு, பட்டம், தாலி, ரிசப்ஷன் என்ற ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தன. பாய் எந்தக் கல்யாணத்துக்கும் ஆள் பெயர் வைப்பதில்லை, சடங்கின் பெயர்தான். கையில் ஒரு நேரத்தில் ஒரு கல்யாணம்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு. கல்யாணத்துக்குக் கல்யாணம் கேமராவில் படத்தின் எண்ணையும் முதலிலிருந்தே தொடங்குவார். கட்டளை கொட்டவிருந்த இடத்தில்தான் அப்போதைய வேலையும் நடந்துகொண்டிருந்தது; அங்கேயும் அதே ஃபோல்டர்கள், அதே எண்கள்.

"பாய், இப்போ இங்கே இருப்பது யார் கல்யாணம்?"

"போன முகூர்த்தத்துல எடுத்தது. ஏன்?"

"கேமரா கார்டில் இருக்கிறதா?"

"கார்ட காலி பண்ணி அடுத்த கல்யாணத்துக்கு அனுப்சிட்டேனே..." சொல்லிக்கொண்டே வந்தவர், விஷயம் புரிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா! பேஜாராயிருக்குமே!"

ஓர் உயிருக்கு முன்னால் இன்னொரு வீட்டுக் கல்யாணப் படங்கள் என்ன பெரிது என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டில் ஒன்றைப் பலி கொடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் நிதானம்தான் தேவை. அந்த அறையில் அது யாரிடமும் இல்லை, என்னிடமும்கூட. தனியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கினேன். மூட்டை முழுவதையும் கொட்டக் கணினியில் இடம் போதவில்லை.

"அக்கா, எந்தச் சடங்கில் உங்கள் தம்பி நின்றார்?"

"அவன் எதுல சார் நின்னான்? கூட்டத்தக் கண்டாலே ஓடிடுவான். தாய்மாமன் இல்லாம முடியாதுன்னு, பொண்ணு நெத்தில பட்டம் கட்டறப்ப மட்டும் இழுத்தாந்து நிறுத்துனோம்."

பட்டம் ஃபோல்டரை மட்டும் தனியே எடுத்துத் தரும்படி கட்டளையிட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் எடுப்பதற்கும் அது மூட்டை முழுவதையும் படித்தாக வேண்டும். திரையில் ஒன்றுமே வரவில்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனது. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அக்கா வாசலுக்குப் போவார், மழையைப் பார்ப்பார், திரும்பி வந்து "ஓடுதா, நின்னுப்போச்சா சார்?" என்பார். "ஓடுகிறது" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். எனக்கே நிச்சயமில்லை.

ஒருவழியாகக் கோடு அடுத்த வரிக்கு இறங்கியது. பாய் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். குனிந்த தலை, முதுகு, மறுபடியும் குனிந்த தலை. அப்புறம், ஆல்பத்தில் ஏறிய அந்தப் படத்தின் வெளுக்காத மூலம். பளிச்சென்ற வெளிச்சத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்பிய முகம். நல்ல கறுப்பு, சரியாக மழிக்காத தாடி, இடுங்கிய கண்கள், புருவத்தின் மேல் அந்தத் தழும்பு.

அக்கா திரையைத் தொட்டார். "இவன்தான் சார் என் தம்பி. ஆல்பத்துல கீறவன் எவனோ."

படம் உடனே எல்லாத் திசைக்கும் போனது. பிற்பகலில், செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகே டீக்கடை வைத்திருப்பவரிடமிருந்து அழைப்பு வந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார். "இவரு நேத்துலேருந்து எங்க கடை பெஞ்சிலதாங்க குந்திக்கினு கீறாரு. நேத்தே ரெண்டு பேரு வந்து ஒரு படத்தக் காட்டுனாங்க. அந்தாளு செவப்பா, சினிமாக்காரன் மாதிரி இருந்தாரு. அப்பக்கூட இவரு பக்கத்துல டீ குடிச்சிக்கினுதான் இருந்தாரு."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையினூடே அவர் கேட்டது ஒன்றுதான்: "அவன் எதுனா துன்னானா கேளு பாய்."

மழை ஓய்ந்த பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு அக்கா ஸ்டுடியோவுக்கு வந்ததாகவும், ஆல்பத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றித் தரச் சொன்னதாகவும் பாய் சொன்னார். இப்போது பாயின் ஃபோல்டர்களுக்கு ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் உண்டு. வெளுப்பதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை; வாடிக்கையாளர்கள் விடுவதில்லை.

எந்த மூட்டையின் வாயையும் உள்ளே பார்க்காமல் அவிழ்ப்பதில்லை என்பது நான் கற்ற தொழில் பாடம். ஆனால் பதற்றமான நேரங்களில் என் நினைவுக்கு வருவது, தேடி வந்தவர்கள் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி, அந்த பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர்தான்.