கப்பலுக்கு உடுத்திய சேலை

இன்று பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு சித்தியின் ஊதா நைலெக்ஸ் சேலை கையில் தட்டுப்பட்டது.

ராமேஸ்வரத்தில் தலைமன்னார் கப்பலேற வருகிறவர்கள், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல, பவுடர் மணக்க, கூலிங்கிளாஸும் மொடமொடக்கும் சட்டையுமாக நிற்பார்கள். நாங்கள் வாய்பிளந்து பார்ப்போம். அப்படித்தான், இந்தச் சேலையில், கனகாம்பரம் குலையாமல், சித்தி அக்கரைக்கு வாழப்போனாள்.

கப்பல் நின்றுபோய், அங்கே சண்டையும் மூண்டபின், இக்கரையின் அரிச்சல்முனையில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு படகு அவளை இறக்கிவிட்டுப் போனது. மூட்டை ஏற்றக்கூடாது என்றதால், இருந்த சேலைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தியிருந்தாள். அடியில் இந்த ஊதா.

ஈரச்சேலைகளை உரித்துக்கொண்டே, "புள்ள எங்கடி?" என்றாள் அம்மா.

"அவளுக்கும் எல்லாக் கவுனையும் போட்டுவிட்டேன்க்கா. தண்ணியில இறங்குனதும் துணி கனத்து, புள்ள மேல வரவே இல்ல."