ஜூரி சொன்னதும் நீதிபதி கொடுத்ததும்

அயோவாவில் ஒரே சலூனில் அடுத்தடுத்த நாற்காலிகளில் முடி வெட்டியவர்கள் வாண்டா ஹ்ருஷ்காவும் நானும். அவளுக்கு வாய் ஓயாது. ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களில் ஒருத்தியாக ஜூரியில் உட்கார்ந்துவிட்டு வந்த அந்த வசந்த காலத்தில் மட்டும் கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்டது.

அந்த வழக்கில் டேரியஸ் போல்டன் என்ற இளைஞன் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். போதைப்பொருள் விற்றான், அதில் வந்த தகராறில் கோரி லின்ட்குவிஸ்ட் என்பவனைச் சுட்டுக் கொன்றான். விற்றதற்கு வீடியோ இருந்தது. சுட்டதற்கு ஒரே ஒரு சாட்சி, அவனும் தன் தண்டனையைக் குறைத்துக்கொள்ள வாய் திறந்தவன். ஜூரிக்காரர்கள் நாள்கணக்கில் மோதிக்கொண்டு, கடைசியில் விற்றது குற்றம், கொலை நிரூபணமாகவில்லை என்றார்கள்.

தண்டனை அறிவிக்கும் நாளில் வாண்டா லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். மத்தியானம் திரும்பியவள் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இருபது வருஷம்டி."

"பொட்டலம் வித்ததுக்கா?"

"பேருக்குப் பொட்டலம். கொலையையும் சேத்துத்தான் ஜட்ஜ் கணக்குப் பண்ணியிருக்கார். ஜூரிக்குத்தான் துளி சந்தேகம் இருக்கக் கூடாதாம். தண்டனை போடறப்ப, 'அநேகமா இவன்தான் செஞ்சிருப்பான்'னு தனக்குப் பட்டாலே போதும், சட்டத்துல இடம் இருக்குங்கறார்."

"அப்ப உங்களையெல்லாம் எதுக்குக் கூப்பிட்டாங்களாம்?"

"கார்ல வரும்போது பூரா அதைத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன். போனாப் போகுதுன்னு காபி குடுத்தாங்க, அதுவும் ஆறிப்போனது."

கோடையில் ஒரு நாள் கோரியின் தாய் ஜோன் லின்ட்குவிஸ்ட் உள்ளே வந்தார். முன்பின் வந்ததில்லை. கோர்ட்டில் ஜூரி வரிசையில் பார்த்த முகத்தைத் தேடி, நேராக வாண்டாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் மகனைக் கொன்னவனை விட்டுட்டியேம்மா. நல்லவேளை, அந்த ஜட்ஜுக்காவது கண் இருந்துச்சு."

வாண்டா சீப்பைக் கீழே வைத்தாள்.

"அவன் செய்யலைன்னு நான் சொல்லலைங்க. அவன்தான் செஞ்சான்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

ஜோன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது ஒருத்தன்னு இருக்கணும்ல," என்றார் மெல்ல. "இல்லேன்னா நான் யாரை வெறுக்கறது?"

வாண்டா குழாயைத் திறந்து தண்ணீரின் சூடு பார்த்தாள். "தலையை அலசி விடட்டுமா?" என்று கேட்டாள். ஜோன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். போகும்போது நன்றிகூடச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமும் வந்தார், வேறு யாரிடமும் உட்காரவில்லை. அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

வருஷங்கள் கழித்து வாண்டாவை ஜூரிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். ஆள் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நீதிபதி, நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"முடியும் சார். நாங்க இல்லைன்னு சொன்னா, நீங்களும் அதை இல்லைன்னே எடுத்துக்குவீங்களா?"

சற்று நேரத்தில், நீங்கள் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

சமீபத்தில், ஜூரி விடுவித்த குற்றத்தையும் தண்டனைக் கணக்கில் சேர்ப்பதற்கு விதிகளில் கட்டுப்பாடு வந்தது. டேரியஸுடையதைப் போன்ற பழைய தண்டனைகளுக்கு அது பொருந்தாதாம். செய்தியைக் கேட்டதும் வாண்டா கையிலிருந்த வேலையை அப்படியே என்னிடம் விட்டுவிட்டு, தண்டனை அறிவித்த நாளில் கோர்ட்டில் பழக்கமான டேரியஸின் அக்காவுக்கு, வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் போன் போட்டாள்.