இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்தவள்

தெருவே அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, ஓர் அலமாரி. அவ்வளவுதான் கடை. பருத்தவர், இளைத்தவர் யார் வந்தாலும் மனம் நோக ஒரு சொல் சொல்ல மாட்டாள். தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பாள், தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாமே என்று.

"இன்னும் கொஞ்சம் துணி விடுங்க டெய்லரம்மா. நான் சாப்பாட்டை விடறதா இல்ல!" என்பாள் தபால் ஆபீஸ் அக்கா. கடையே சிரிக்கும்.

டெய்லரம்மாவும் சிரிப்பாள். ஆனால் அவள் வயிறு? மகள் பிறந்தபோது ஏறிய உடம்பை இறக்கப் பதிமூன்று வருடமாக அவள் இருக்காத பட்டினி இல்லை. ஒரு மாதம் வெறும் பழம், ஒரு மாதம் வெள்ளரிக்காய், ஒரு மாதம் முட்டையின் வெள்ளைக்கரு.

"நம்ம வீட்டு எலிகூட உன்னைவிட நல்லா சாப்பிடுது" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

அளவு நோட்டில் தனக்கு மட்டும் எப்போதும் இரண்டு அங்குலம் குறைத்தே எழுதுவாள். அடுத்த மாதம் இளைத்துவிடுவோமே! அப்படித் தைத்த பதினோரு உடைகள், ஒருநாளும் வராத ஓர் ஒல்லிப் பெண்ணுக்காக அலமாரியில் காத்திருந்தன.

அதோடு நின்றிருக்கக் கூடாதா?

பள்ளி ஆண்டு விழாவில் தனியாகப் பாட மகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புது கவுனுக்கு நெஞ்சளவு எடுத்தபோது டேப் முப்பத்திரண்டு காட்டியது. டெய்லரம்மாவின் பென்சில் முப்பது என்று எழுதியது. உடை இறுக்கினால் பிள்ளை தானாக வாயைக் கட்டுவாள் என்று நினைத்தாள். ஊரார் உடம்புக்கெல்லாம் இடம் விட்டவள், பெற்ற பிள்ளைக்கு மூச்சு விட இடம் விடவில்லை!

"கவுன் ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. ஆனா நெஞ்சுல பிடிக்குது."

"மூணு வாரம் இருக்குல்ல. சாப்பாட்டைக் குறை, சரியாயிடும்."

விழா அன்று முதல் இரண்டு வரியும் தேனாக வந்தன. குரல் உச்சிக்கு ஏற வேண்டிய இடத்தில் பிள்ளை மூச்சை இழுத்தாள். கவுன் விடவில்லை. குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த தாய்க்கு அந்த நொடியே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

வீடு வந்ததும் மகள் தட்டைத் தள்ளினாள். "வேணாம்மா. நான் குண்டா இருக்கேன்ல, அதான் மூச்சு வரல. நாளைலேர்ந்து நானும் உன்கூட டயட்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? டெய்லரம்மாவால் முடியவில்லை.

"உன் அளவு முப்பத்திரண்டு கண்ணு. அம்மா முப்பதுக்குத் தச்சேன்."

"மறந்து தச்சிட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான் தச்சேன்."

"சொல்லியிருந்தா பழைய கவுனையே போட்டுட்டுப் பாடியிருப்பேனேம்மா" என்றாள் மகள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே அந்தப் பதினோரு உடைகளும் தலையணை உறைகளாயின. டயட்டும் அன்றோடு முடிந்தது. ஆனால் பதிமூன்று வருடம் அதட்டி வைத்த வயிறு, பசிக்கிறதா என்று கேட்டால் உடனே பதில் சொல்லுமா? ஒருநாள் அளவு தெரியாமல் தின்றாள். ஒருநாள் பாதியில் எழுந்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே கூசியது. இத்தனை வருடம் மெஷின் மிதித்துக் குடும்பத்தைத் தூக்கிய உடம்பு அது. அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதுண்டா?

ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, வேளை இல்லாத வேளையில், வயிறு மெல்லக் கூப்பிட்டது. ரொட்டியில் வெண்ணெய் தடவி, திருடிபோல உட்கார்ந்து தின்றாள். மகள் வந்து நின்றாள்.

"இப்பவே சாப்பிடறியா?"

"பசிச்சுது."

"எனக்கும்தான்."

ரொட்டியைப் பாதியாகக் கிள்ளப் போன கையைத் தாய் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எவ்வளவு வேணுமோ நீயே எடுத்துக்கோ."

மகள் இரண்டு எடுத்தாள். மென்றபடியே, "பாட்டு டீச்சர் மறுபடி பாடக் கூப்பிட்டாங்க. வரலன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

டெய்லரம்மாவுக்கு வாயிலிருந்தது தொண்டையில் அடைத்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே, மகள் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.