பனியன் படமும் சட்டைப் படமும்

நூலுக்குப் போடும் கஞ்சி வாடையும் நூல் பெட்டியின் அட்டை வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. எட்டாம் வகுப்புப் படித்த வருஷம் முழுக்க, அந்த வாடை அடிக்கும் அட்டைத் துண்டு ஒன்றை வலது கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டே திரிந்ததால் வந்த பழக்கம் அது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டை, நடுவில் தீப்பெட்டி அளவுக்குப் பிளேடால் வெட்டி எடுத்த ஓட்டை, அவ்வளவுதான். நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'ஓட்டை அட்டை'. அருப்புக்கோட்டையில் நூல் பெட்டிக்குப் பஞ்சமா என்ன, வகுப்பில் நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று கிடைத்தது.

வெட்டச் சொன்னவர் சாந்தி டீச்சர். எங்களுக்கு அறிவியல் எடுத்தவர், தினமும் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பிள்ளைகளுக்குச் சினிமாவைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஐந்து நாள் பயிற்சி ஒன்று அந்தக் கோடை விடுமுறையில் மதுரையில் நடந்திருக்கிறது. விடுமுறையில் யார் போவது என்று ஆளாளுக்கு நழுவ, "பஸ்ஸுக்குப் பழகினவுக நீங்கதான்" என்று சொல்லி இவரை அனுப்பிவைத்துவிட்டார்களாம். திரும்பி வந்து முதல் வகுப்பில் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பிள்ளைகளா, எனக்கே பாதிதான் புரிஞ்சுச்சு. மீதிய நாம சேந்து பாப்போம்." ஒரு டீச்சர் தனக்குப் புரியவில்லை என்று சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. பின் பெஞ்சில் இருந்த பாண்டி, "அப்ப இதுல பரீட்ச இருக்காது டீச்சர்" என்று சந்தோஷமாகக் கத்தினான்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுதான் சினிமா வகுப்பு. பள்ளிக்கூடத்து டிவியில் பாட்டு, சண்டை எதுவும் இல்லாத, சில சமயம் பேச்சுகூட இல்லாத குட்டிக் குட்டிப் படங்களைப் போடுவார். கதை என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "மொதல்ல உன் கண்ணு எங்க போச்சு? ஏன் அங்க போச்சு?" என்றுதான் கேட்பார். படம் இல்லாத வாரங்களில் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டை அட்டை வழியாகத் தெருவைப் பார்க்கச் சொல்வார். ஒரு தடவை என் ஓட்டைக்குள் ஒரு பெரியவர் தனியாக நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "டீச்சர், அவருக்குப் பைத்தியம்" என்றேன். "அட்டைய எடுத்துட்டுப் பாரு" என்றார். எடுத்தால், எதிர் மாடியில் அவர் பெண்சாதி நின்று அவரை ஏசிக்கொண்டிருக்கிறாள், மனுஷன் கீழேயிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஓட்டைக்கு வெளியில எத விட்டோம்னு பாக்காம ஒரு மனுசனப் பைத்தியம்னு சொல்லிட்டியே" என்று டீச்சர் சிரித்தார். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் ஓட்டைக்கு வெளியில் என்ன இருக்கும் என்று தேடுகிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

வீட்டில்தான் சிக்கல். அப்பா குழித்தறியில் நெய்வார், அம்மா 'தார்' சுற்றும். அதாவது தறியில் குறுக்கே அங்கும் இங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. வீட்டில் பேசுகிற வேலையும் அம்மாவுடையதுதான், அப்பாவுக்குப் பேச்சே கிடையாது. எங்களுக்கு வீட்டுக்குள் கன்னடம் (அதையும் இங்கே தமிழில்தான் சொல்கிறேன்), வாசலைத் தாண்டினால் தமிழ். ஆனால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டால் வீட்டுக்குள்ளும் தமிழ்தான், தெருவுக்கும் விளங்கட்டும் என்று. நான் அட்டையும் கண்ணுமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு நாள் அந்தத் தமிழ் கிளம்பியது. "படம் பாக்கத்தான் பள்ளிக்கூடம்னா உன்னையத் தியேட்டர்லயே சேத்துவிட்டிருப்பேனேடி! மத்தியான ஆட்டத்துக்குப் போனா சாயந்தரம் தார் சுத்தவாச்சும் வந்து சேருவ!"

தெருவில் இன்னும் நாலைந்து அம்மாமார்களுக்கும் அதே எண்ணம். எல்லாரும் சேர்ந்து ஹெச்.எம். சாரிடம் போய் நின்றார்கள். அவர் சண்டை பிடிக்காத மனுஷர். "வர்ற வெள்ளிக்கிழம வந்து நீங்களே உக்காந்து பாருங்கம்மா. வேணாம்னு சொன்னீங்கன்னா அன்னையோட நிறுத்திருவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு இரண்டு பயம். வகுப்பு போய்விடும் என்கிற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், அம்மாவுக்குத் தெரியாமல் நாங்கள் செய்துவைத்திருந்த காரியம். டீச்சர் தம்பியின் சின்ன டிஜிட்டல் கேமராவை வாங்கி நாங்களே ஒரு படம் எடுத்திருந்தோம், அதுவும் எங்கள் வீட்டுத் தறியில். அம்மா எம்.ரெட்டியபட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த நாளில் அப்பாவிடம் கேட்டேன். "உங்க அம்மா வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அது நீளமான பேச்சு. தோள்பட்டையில் ஓட்டை விழுந்த பனியனோடு, தலைகூட வாராமல், எப்போதும்போல் நெய்துகொண்டிருந்தார். பாண்டிதான் கேமரா. அவன் அப்பா லோடு ஏற்றுகிறவர், தறியை அவன் கிட்டத்தில் பார்த்ததே அன்றைக்குத்தான். முதலில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நாடா ஓடுவதை எடுத்தான். "ஏ புள்ள, மாமா மொகமே தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் ஓடி, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குப் பக்கத்தில் நின்று அடுத்ததை எடுத்தான். கேமரா தன்னை நேராகப் பார்ப்பதைக் கண்டு, கை நாடாக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அப்பா தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். இப்படி ஆறு துண்டுகள்.

வெள்ளிக்கிழமை அம்மாமார்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டீச்சர் கேமராவிலிருந்து டிவிக்கு வயரை மாட்டினார். மூன்று வெள்ளிக்கிழமை எதைப் படமாக எடுப்பது என்று நாங்கள் பேசியதை அவர் சொல்லிமுடிப்பதற்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

"ஏ, அது உங்க வீட்டுத் தறி மாதிரி இருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா எழுந்தே நின்றுவிட்டது. "ஐயையோ, பனியனப் பாரேன்! இந்த மனுசனுக்கு ஒரு சட்ட கெடைக்கலையா? ஊரு பூராம் பாக்குதே!"

அறை முழுக்கச் சிரிப்பு. நான் பெஞ்சுக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். படம் ஓடி முடிந்தது. அம்மா உட்காரவில்லை. "டீச்சரம்மா, அத மறுபடி போடுங்க" என்றது. போட்டார். இரண்டாவது துண்டு வந்ததும், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கையைத் தூக்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"மொதல்ல நாடா சோத்தாங்கைப் பக்கமிருந்து பீச்சாங்கைப் பக்கம் போச்சா?"

"போச்சுக்கா" என்றார் டீச்சர்.

"போன நாடா அங்கிட்டுல்ல கெடக்கணும்? அடுத்ததுலயும் இங்கிட்டிருந்தே போகுது. நடுவுல அத யாரு எடுத்துட்டு வந்து இங்கிட்டு வச்சது?"

எங்களில் ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை, டீச்சரும்தான். திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நாடா இரண்டு தரமும் திரையில் வலப்பக்கமிருந்தே கிளம்பியது. தார் சுற்றுகிற அம்மாமார்கள் அத்தனை பேரும் "அதானே! இப்பிடி நெய்ஞ்சா துணியில கரை எப்பிடி நிக்கும்?" என்று ஒரே சத்தம். "எங்க வீட்டுக்காரரு அப்பிடி நெய்யிற ஆளு இல்ல" என்று அம்மா மட்டும் அப்பாவுக்காக வாதாடியது.

டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு தறியை வரைந்தார். பாண்டி பின்னால் நின்ற இடத்தில் ஒரு புள்ளி, எதிரே ஓடிப்போய் நின்ற இடத்தில் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவில், நாடா ஓடுகிற வழியில், குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு தடவை சாக்பீஸை இழுத்தார். பிறகு எங்களிடம் இல்லை, அம்மாமார்களிடம் சொன்னார். "மதுரையில அஞ்சு நாளும் இந்தக் கோட்டத்தான் போட்டுப் போட்டுக் காமிச்சாங்க. கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போய் எடுக்காதே, எடுத்தா எல்லாம் திரும்பிப் போகும்னாங்க. எனக்கு மண்டையில ஏறவே இல்ல. இப்பத்தான் ஏறுது. அண்ணன் சரியாத்தான் நெய்ஞ்சிருக்காக. இவன் அங்கிட்டுப் போய் நின்னதால நமக்கு மாறித் தெரியுது." பிறகு அம்மாவிடம் திரும்பி, "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு டீச்சரம்மா? கண்ணு இருக்குல்ல" என்றது அம்மா.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹெச்.எம். சார், "என்னம்மா, நிறுத்திரலாமா?" என்று கேட்டார்.

"தப்பா எடுத்தத அப்பிடியே விட்டுட்டு எப்பிடி சார் நிறுத்துறது? திருத்தி எடுக்க வேணாமா?" என்றது அம்மா, அவர்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி. வகுப்பு பிழைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்தி எடுத்தோம், அம்மாவின் மேற்பார்வையில். தறிக்குழியைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கி, பழைய பாயைச் சுருட்டி ஒளித்து, அப்பாவுக்குக் கல்யாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளை முழுக்கைச் சட்டையை மாட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் பூசிவிட்டது. பாண்டி ஒரே பக்கம் ஆணி அடித்த மாதிரி நின்றான். நாடா வலப்பக்கமிருந்து போனது, இடப்பக்கமிருந்து வந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் கேமராவில் இடம் பற்றவில்லை, இருந்த மெமரி கார்டு ஒன்றே ஒன்று. "பழச அழிச்சாத்தான் எடம் கெடைக்கும்" என்றான் பாண்டி. நான் அம்மாவைப் பார்த்தேன். "அழி, அழி. அந்தப் பனியனு எங்கயும் இருக்கக் கூடாது" என்றது. அழிக்கிற பொத்தானை அமுக்கியது என் விரல்தான். ஆறு துண்டுக்கும் ஆறு அமுக்கு. அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாம் முடிந்தால் சரி என்று உட்கார்ந்திருந்தார்.

சட்டைப் படத்தை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் சி.டி.யாகப் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார் டீச்சர். இரண்டு வருஷம் கழித்து அவருக்கு மாற்றல் வந்தது, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு மறுபடி கணக்குக்குப் போய்விட்டது. அந்த டிவி இப்போது இல்லை. என் ஓட்டை அட்டை ஏதோ ஒரு மழையில் ஊறிப்போனது. நான் பத்தாவதோடு நின்று தையல் பழகி, இப்போது கடைவீதியில் கடை வைத்திருக்கிறேன்.

அப்பா போன வருஷம் இறந்துபோனார். முப்பதாம் நாள் காரியம் கழிந்த பிறகு ஒரு நாள் அம்மாவுக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சி.டி.யைத் தேடி எடுத்து என் மகள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அம்மா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வெள்ளைச் சட்டையில், பட்டை விபூதியோடு, கழுத்தைத் திருப்பாமல் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி முகம்.

"இது யாரோ பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்ல இருக்கு" என்றது அம்மா. கொஞ்சம் கழித்து, "அந்தப் பனியன் படம் எங்கடி?"

நீதானே அழிக்கச் சொன்னாய் என்று நான் எப்படிச் சொல்வது? அமுக்கியது என் விரல் அல்லவா. அம்மாவுக்கும் நினைவு வந்துவிட்டது போல. போனை மடியில் கவிழ்த்து வைத்தது. "நாடா தப்பாத்தான் போச்சு. ஆனா அவுக சரியா இருந்தாக" என்றது.

போன வாரம் என் மகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, உங்கள ஒரு வீடியோ எடுக்கப்போறேன்" என்று வந்து நின்றாள். அம்மா அப்போது அழுக்கு நைட்டியும் தோளில் துண்டுமாக, தலையை அள்ளி முடிந்துகொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. "இரு புள்ள, நல்ல சேலையா மாத்திட்டு வாரேன்" என்று சுவரைப் பிடித்துப் பாதி எழுந்தது. எழுந்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து, கீரைக் காம்பை எடுத்தது.

"வேணாம். இப்பிடியே எடு."